உப்பிய கண்டன்சர், உறுமும் ஆம்ப்ளிஃபயர்

கோயம்புத்தூர், ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்தில் தோட்டம் வைத்திருப்பவர் எவருக்கும் கண்டன்சர் என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. கிணற்றடி மோட்டார் சுற்றாமல் உறுமிக்கொண்டே நின்றால், பெட்டியைத் திறந்து முதலில் பார்ப்பது அதைத்தான். உப்பியிருந்தால் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய், அதே மைக்ரோஃபேரட் அளவில் புதிது வாங்கி வந்து மாட்டுவார்கள். மும்முனை மின்சாரம் இல்லாத நேரத்தில் கண்டன்சரைச் சேர்த்து இருமுனையிலேயே மோட்டாரை ஓட்டிப் பயிரைக் காப்பாற்றிய தலைமுறை இன்னும் இங்கே இருக்கிறது.

அதே வீடுகளின் பரண்மேல் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று துணி சுற்றிக் கிடப்பதும் வழக்கம்தான். எழுபதுகளிலோ எண்பதுகளிலோ வாங்கியது. இப்போது போட்டால் உறுமுகிறது. ஒரு பக்கம் பாடுவதில்லை. வால்யூம் திருகினால் கரகரக்கிறது. 'இதற்கெல்லாம் இனி சாமான் கிடைக்காது' என்று பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போய்விடுகிறது. தோட்டத்து மோட்டாரைப் படுக்கவைத்த பொருளின் நெருங்கிய உறவுதான் பெரும்பாலும் இதையும் படுக்கவைத்திருக்கிறது. அங்கே உடனே பிடிபடும் கோளாறு இங்கே யாருக்கும் தோன்றுவதில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

அந்தக் காலத்து ஆம்ப்ளிஃபயர்கள் பல வழிகளில் இங்கே வந்து சேர்ந்தன. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்கள் சான்சுய், அக்காய், பயனியர் என்று ஜப்பானியப் பெட்டிகளைச் சுமந்து வந்தார்கள். 1970-ல் கொல்கத்தாவில் தொடங்கிய சோனோடைன் போன்ற இந்திய நிறுவனங்களின் தயாரிப்புகள் வந்தன. எல்லாவற்றையும்விட அதிகமாக, ஊர் ரேடியோ கடைகளிலேயே அசெம்பிள் செய்தவை இருந்தன: தகரப் பெட்டி, உள்ளூர் டிரான்ஸ்பார்மர், பக்கத்துக்கு இரண்டாக 2என்3055 டிரான்சிஸ்டர்கள். 1978-ல் 'ப்ரியா' படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவாகி வந்தபோது, இடது காதுக்கு ஒன்றும் வலது காதுக்கு ஒன்றுமாகப் பிரிந்த இசையைக் கேட்பதற்காகவே செட் வாங்கியவர்கள் உண்டு. அந்தப் பெட்டிகளில் ஏராளமானவை இன்றும் மீட்கக்கூடியவை. மீட்பதற்கு, உள்ளே இருப்பவற்றில் எதற்கு வயதாகிறது, எதற்கு ஆகவில்லை என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

செம்புக் கம்பிக்கு நாற்பது வருடம் ஒன்றுமில்லை. சிலிக்கான் டிரான்சிஸ்டர் அதன் அளவுக்கு மீறிச் சுடாதவரை அப்படியே இருக்கும். பீங்கான் கண்டன்சர்களும் பாலியெஸ்டர் பிலிம் கண்டன்சர்களும் பெரும்பாலும் போட்ட நாள் மதிப்பிலேயே நிற்கின்றன. உள்ளே ஈரம் வைத்திருக்கும் ஒரே உறுப்புதான் விதிவிலக்கு: எலக்ட்ரோலிட்டிக் கண்டன்சர். வட்டக் குப்பி வடிவில், பிளாஸ்டிக் உறை போட்டு, பக்கவாட்டில் கழித்தல் குறிப் பட்டையோடு நிற்குமே, அதுதான்.

அதன் உள்ளே நடப்பதை விளக்குவதற்குச் சற்று நேரம் எடுத்துக்கொள்கிறேன். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கிவிடும்.

இரண்டு உலோகப் பரப்புகள், நடுவே மின்சாரம் கடக்காத ஒரு தடுப்பு. கண்டன்சர் என்பது அவ்வளவே. பரப்பு பெரிதாக ஆக, தடுப்பு மெலிதாக ஆக, அது தேக்கும் மின்னூட்டம் கூடும். போலந்துக்காரரான கரோல் போலாக் 1890களில் காப்புரிமை பெற்ற யோசனை, அந்தத் தடுப்பை வெளியிலிருந்து வைக்காமல் உலோகத்திலேயே வளர்த்துக்கொள்வது. அலுமினியத் தாளைத் தகுந்த கரைசலில் வைத்து மின்சாரம் செலுத்தினால், அதன் மேல் அலுமினியம் ஆக்ஸைடு படலம் உருவாகிறது. ஒரு வோல்ட்டுக்கு ஏறத்தாழ 1.4 நானோமீட்டர் தடிமன். 63 வோல்ட் தாங்க வேண்டிய கண்டன்சருக்குச் சற்று அதிகமாகவே, 80 வோல்ட் வரை கொண்டுபோய்ப் படலம் வளர்ப்பார்கள். அப்போதும் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் ஒன்பதாயிரத்தில் ஒரு பங்குதான். தாளை முன்கூட்டியே அமிலத்தால் அரித்துக் குழிகுழியாக்கிவிடுவதால் பரப்பு பல மடங்காகிறது. 4,700 மைக்ரோஃபேரட் கொண்ட ஒரு குப்பிக்குள், கணக்குப் போட்டால், ஏழு சதுர மீட்டர் அளவுக்கு ஆக்ஸைடு பரப்பு சுருண்டு கிடக்கிறது.

அந்த நுண்குழிகளுக்குள் இன்னொரு உலோகத் தாளைக் கொண்டுபோய் ஒட்டவைக்க முடியாது. அங்கேதான் திரவம் வருகிறது. எத்திலீன் கிளைக்கால், போரிக் அமிலத்தின் உப்புகள், கொஞ்சம் நீர் என்று கலந்த மின்பகுளியில் நனைத்த காகிதம், தாள்களுக்கு நடுவே சுருட்டப்பட்டிருக்கும். குழிகளின் அடிவரை நுழைந்து படலத்தைத் தொடுவது இந்தத் திரவம்தான். எனவே கண்டன்சரின் எதிர்முனைத் தகடு உண்மையில் திரவமே. நாம் பார்க்கும் இரண்டாவது அலுமினியத் தாள் அதற்கு மின்சாரம் கொண்டுவரும் வழி மட்டும். குப்பியின் அடியில் இருக்கும் ரப்பர் அடைப்பு எவ்வளவு இறுக்கமானாலும் திரவம் வருடக்கணக்கில் ஆவியாகிக் கசிந்துகொண்டே இருக்கும். காயக் காய எதிர்முனைத் தகடு சுருங்குகிறது என்று பொருள். கொள்ளளவு குறைகிறது. மின்சாரம் உள்ளே போய்வரும் பாதையின் தடை ஏறுகிறது. தடை ஏறினால் சூடு, சூடு ஏறினால் இன்னும் வேகமாகக் காய்தல் என்று ஒன்று மற்றொன்றைத் தள்ளிவிடுகிறது.

எவ்வளவு வேகமாக? வேதிவினைகளின் வேகம் வெப்பத்தோடு பெருகுவதால், இந்தத் துறையில் எல்லாரும் பயன்படுத்தும் ஒரு விதி இருக்கிறது: பத்து டிகிரி செல்சியஸ் குறைந்தால் ஆயுள் இரட்டிக்கும். பழைய கண்டன்சர்கள் பெரும்பாலும் 85 டிகிரியில் 2,000 மணி நேரம் உழைக்கும் தரத்தவை. பெட்டிக்குள் 45 டிகிரி என்று வைத்துக்கொண்டால், நாற்பது டிகிரி குறைவு. நான்கு தடவை இரட்டித்தால் 32,000 மணி நேரம். வீட்டில் நாளைக்கு நாலு மணி நேரம் பாட்டுக் கேட்டால் 22 வருடம் ஓடும். அதையே காலை ஐந்து மணிக்குத் திறந்து இரவு வரை பாட்டுப் போடும் ஒரு கோவை பேக்கரியில் வைத்து, நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டினால் ஏழு வருடத்துக்குச் சற்று மேல். அந்த பேக்கரிக்காரர் ஆம்ப்ளிஃபயரை டீ பாய்லருக்குப் பக்கத்து ஷெல்பில் வைத்து உள்வெப்பம் 55 டிகிரிக்கு ஏறிவிட்டால் அதிலும் பாதி. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் கோயம்புத்தூரில் ஓடிய பெட்டியைவிட, ஈரோடு, கரூர் வெயிலில் ஓடிய பெட்டி சீக்கிரம் மூப்படைந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமே.

இனி, காதில் கேட்பதற்கு வருவோம்.

ஆம்ப்ளிஃபயரின் உள்ளே டிரான்ஸ்பார்மர் 230 வோல்ட்டைக் குறைத்துத் தருகிறது. டையோடுகள் அதை ஒரே திசையில் திருப்புகின்றன. அப்படித் திருப்பிய மின்சாரம் சீராக இருப்பதில்லை, விநாடிக்கு நூறு தடவை எழுந்து விழுகிறது. டிரான்சிஸ்டர்களுக்கோ இடைவிடாத சீரான மின்னழுத்தம் வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் சில மணி நேரத்தில் போர்வெல் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பி வைத்துக்கொண்டு, பிறகு தேவைக்கேற்ப வாய்க்காலில் திறந்துவிடுவோமே, பெரிய பில்டர் கண்டன்சர்கள் இரண்டும் செய்வது அந்தத் தொட்டியின் வேலை. ஒவ்வொரு எழுச்சியிலும் நிரம்பி, இடைவெளியில் கொடுக்கின்றன. 2 ஆம்பியர் இழுக்கும்போது 4,700 மைக்ரோஃபேரட் கண்டன்சரின் மின்னழுத்தம் ஒரு சுற்றில் அதிகபட்சம் 4 வோல்ட் சொச்சம் இறங்கும். நல்ல சர்க்யூட் அதைச் சமாளித்துவிடும். கண்டன்சர் காய்ந்து பாதியாகிவிட்டால் இறக்கம் எட்டரை வோல்ட். அந்த ஏற்ற இறக்கம் ஸ்பீக்கருக்குப் போய் உறுமலாகக் கேட்கிறது.

உறுமலில் இரண்டு வகை உண்டு, பிரித்தறிவது சிகிச்சைக்கு அடிப்படை. கண்டன்சர் காய்ந்ததால் வருவது விநாடிக்கு நூறு அதிர்வு. கொஞ்சம் முரட்டுத்தனமான, விளிம்புள்ள ஒலி. வால்யூமைக் குறைத்தாலும் பெரும்பாலும் குறைவதில்லை. எர்த் சரியில்லாததாலும் ஒயர் உறை அறுந்ததாலும் வருவது பெரும்பாலும் விநாடிக்கு ஐம்பது. அடியாழத்தில் ஊமையாகக் கேட்கும். ஐம்பது உறுமலுக்குக் கண்டன்சர் மாற்றிக்கொண்டிருந்தால் பணம்தான் வீண்.

காய்ந்த கண்டன்சர் எல்லா இடத்திலும் உறுமாது. உள்ளூரில் அசெம்பிள் செய்த பல ஆம்ப்ளிஃபயர்களில் ஸ்பீக்கருக்குப் போகும் வழியிலேயே ஒரு பெரிய கண்டன்சர் இருக்கும். 2,200 மைக்ரோஃபேரட், 8 ஓம் ஸ்பீக்கர் என்றால் விநாடிக்கு 9 அதிர்வுக்குக் கீழே உள்ளதை மட்டும்தான் அது தடுக்கும்; காதுக்கு அது எட்டாத எல்லை. காய்ந்து 500 ஆகிவிட்டால் 40 அதிர்வில் இருந்தே வெட்டத் தொடங்கிவிடும். பாட்டு கேட்கும், பாடகர் குரல் கேட்கும்; தவிலின் தொப்பிப் பக்கம் மெலிந்துபோகும், துடும்பு வயிற்றைத் தொடாது. வருடக்கணக்கில் மெல்ல மெல்ல நடப்பதால் வீட்டுக்காரருக்கே தெரியாது. ஸ்பீக்கர் பழசாகிவிட்டது என்று நினைத்து ஸ்பீக்கரை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பரணில் சும்மா கிடந்த பெட்டிக்கு வேறொரு வியாதி. மின்னழுத்தம் இல்லாமல் வருடக்கணக்கில் கிடந்தால் அந்த நுண்ணிய ஆக்ஸைடு படலம் திரவத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது. பத்து வருடம் கழித்து ஆசையாக எடுத்து நேரே பிளக்கில் செருகினால், மெலிந்த படலத்தின் வழியே மின்சாரம் கசிகிறது, சூடேறுகிறது, ஹைட்ரஜன் வாயு உருவாகிறது, குப்பியின் தலை உப்பி வெடிக்கிறது. ஆகவே பரணிலிருந்து இறக்கிய ஆம்ப்ளிஃபயரை நேராக மின்சாரத்தில் போடவே கூடாது. கல்லூரி ஆய்வகங்களில் இருக்கும் டிம்மர்ஸ்டாட் கிடைத்தால் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம். கிடைக்காவிட்டால் காயில் கட்டும் கடைகளில் எல்லாம் தொங்கும் சீரிஸ் பல்பு போதும்.

சீரிஸ் பல்பின் இயற்பியல் அழகானது. ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் மின்சாரத்தின் வழியில் ஒரு 100 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போடுகிறோம். எரியும் பல்பின் தடை 529 ஓம். குளிர்ந்த இழையின் தடையோ அதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. உள்ளே எல்லாம் சரியாக இருந்தால் மின்சாரம் குறைவாகவே ஓடும், இழை குளிர்ந்தே இருக்கும், ஆம்ப்ளிஃபயருக்கு ஏறத்தாழ முழு மின்னழுத்தமும் கிடைக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும். தடை ஏறி, அரை ஆம்பியருக்குமேல் போகவிடாமல் தடுத்துவிடும். போட்டதும் ஒரு கணம் பிரகாசித்து, கண்டன்சர்கள் நிரம்பியதும் மங்கினால் நிம்மதி. எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்த வேண்டும். எல்இடி பல்பு இதற்கு உதவாது; குண்டு பல்பு ஒன்றிரண்டை இப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

திறந்து கைவைப்பதற்கு முன் உயிர் பற்றியும் சொல்ல வேண்டும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கண்டன்சர்களில் மின்னூட்டம் நிற்கும். 50 வோல்ட்டில் நிற்கும் 4,700 மைக்ரோஃபேரட் ஏறத்தாழ 6 ஜூல் ஆற்றலைத் தேக்கியிருக்கிறது; ஸ்குரூ டிரைவரால் குறுக்கே தொட்டால் நுனி உருகும், கண்டன்சரும் பாழ். 100 ஓம், 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்றைக் குறுக்கே பிடித்து மெல்ல வடித்துவிட்டு, மல்ட்டிமீட்டரில் பார்த்துவிட்டுத்தான் தொடவேண்டும். வால்வு ஆம்ப்ளிஃபயர் என்றால் உள்ளே 300 வோல்ட்டும் அதற்கு மேலும் இருக்கும். அனுபவசாலி பக்கத்தில் இல்லாமல் அதைத் திறக்கவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் பழுது பார்ப்பவருக்கு மோனோவில் கிடைக்காத ஒரு பெரிய வசதி இருக்கிறது. உள்ளே ஒரே சர்க்யூட் இரண்டு தடவை இருக்கிறது. சர்க்யூட் படம் கிடைக்காவிட்டாலும் கவலையில்லை: பாடும் பக்கத்தில் ஒவ்வொரு டிரான்சிஸ்டர் காலிலும் எத்தனை வோல்ட் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, பாடாத பக்கத்தில் அதே புள்ளிகளை அளந்தால், எங்கே எண் மாறுகிறதோ அங்கே கோளாறு. 'ஒரு பக்கம் பாடுறதில்லீங்க' என்று கொண்டுவரப்படும் பெட்டியில் பாதி விடை அடுத்த பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. பெயர் தெரியாத கடையில் அசெம்பிள் செய்து, படமே இல்லாத பெட்டிகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

வெளிநாட்டுப் பெட்டி என்றால், ஈயம் உருக்குவதற்கு முன் பின்பக்கத்தைப் பாருங்கள். பலவற்றில் 110, 120, 220, 240 என்று மின்னழுத்தம் தேர்வதற்கு ஒரு திருகு இருக்கும். பெரும்பாலும் 220-ல் நிற்கும். நம்முடைய 230 வோல்ட் பெயரளவுக்குத்தான். பம்புசெட்டுகள் ஓடாத நள்ளிரவில் 250 வரை ஏறுவதுண்டு. 220-க்கு, டையோடுகளைத் தாண்டியபின் 45 வோல்ட் கிடைக்கும்படி சுற்றிய டிரான்ஸ்பார்மர் 250-க்கு 51 வோல்ட் கொடுக்கும். அங்கே 50 வோல்ட் கண்டன்சர் போட்டிருந்தால் அது தினமும் எல்லை மீறித்தான் உழைத்திருக்கிறது. திருகை 240-க்கு மாற்றுவதற்குச் செலவே இல்லை. மாற்றும் கண்டன்சர் 63 வோல்ட்டாகவோ 80 வோல்ட்டாகவோ இருக்கட்டும். அமெரிக்காவிலிருந்து வந்த 120 வோல்ட் பெட்டிக்கு ஸ்டெப்டவுன் போட்டாலும் ஒரு சிக்கல் மிஞ்சும்: அது விநாடிக்கு 60 சுழற்சிக்குச் சுற்றியது, நம்முடையது 50. இரும்புக் கோர் கூடுதலாகக் காந்தமேறி, டிரான்ஸ்பார்மர் சற்றே அதிகம் சுடும்.

மாற்றும் வேலையில் என் வழக்கம்: பெரிய பில்டர் கண்டன்சர்கள், போர்டில் இருக்கும் சிறு எலக்ட்ரோலிட்டிக்குகள் எல்லாம் மாற வேண்டும், ஹீட் சிங்க் பக்கத்தில் நிற்பவை கண்டிப்பாக. 105 டிகிரி தரத்தவையே வாங்க வேண்டும். கொள்ளளவு பழையதே, அல்லது அடுத்த படி. 4,700 இருந்த இடத்தில் 22,000 போட்டால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு; சுவிட்ச் போடும் கணத்தில் அவ்வளவு பெரிய கண்டன்சர் நிரம்ப இழுக்கும் மின்சாரம் பழைய டையோடுகளையும் சுவிட்சையும் தின்றுவிடும். இன்றைய கண்டன்சர் அதே மதிப்பில் பழையதைவிடச் சிறிதாக இருக்கும், அதில் தவறில்லை. ஆனால் பெரிய உறைக்குள் சிறிய கண்டன்சரை ஒளித்து விற்கும் போலிகளும் சந்தையில் உண்டு. கையில் எடுத்தால் எடையே காட்டிக்கொடுக்கும், மீட்டரில் வைத்தால் மிச்சமும் தெரிந்துவிடும். நம் பக்கத்திலேயே, கணவாயைத் தாண்டி மலபாரில், கண்ணூருக்கு அருகே கெல்ட்ரான் நிறுவனத்தின் உதிரிபாகத் தொழிற்சாலை 1974-லிருந்து இயங்குகிறது. அங்கே தயாரான எலக்ட்ரோலிட்டிக்குகள் இந்திய ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் உட்கார்ந்திருக்கின்றன.

முனை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். படலம் ஒரு திசை மின்னழுத்தத்தை மட்டுமே தாங்கும். தலைகீழாகப் போட்டால் கரைந்து வெடிக்கும். பழைய ஐரோப்பியக் கண்டன்சர்கள் சிலவற்றில் கூட்டல் முனைக்கும் புதியவற்றில் கழித்தல் முனைக்கும் அடையாளம் இருப்பதால், ஒன்றைக் கழற்றி அதே இடத்தில் ஒன்றை மாட்டி, போனில் படம் எடுத்துக்கொண்டு அடுத்ததற்குப் போவதுதான் பாதுகாப்பு. அந்தக் காலத்துப் பழுப்பு நிற போர்டுகளில் செம்புக் கோடுகள் சூட்டில் பெயர்ந்துவிடும். 183 டிகிரியில் உருகும் பழைய பாணி ஈய-வெள்ளீயக் கம்பியே இவற்றுக்கு உகந்தது. ஈயமில்லாத புதுக் கம்பிக்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும், அது பழைய போர்டைத் தேவையில்லாமல் வாட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும், வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

கண்டன்சரைத் தவிர மூப்படையும் வேறு சிலவும் உண்டு. ஜப்பானியப் பெட்டிகளில் பெரிய உறுப்புகள் ஆடாமல் இருக்க ஒரு பசை தடவியிருப்பார்கள். நாளாக ஆகப் பழுப்பாகி, ஈரம் இழுத்து, மின்சாரம் கடத்தத் தொடங்கி, பக்கத்தில் இருக்கும் டையோடு, ரெசிஸ்டன்ஸ் கால்களை அரித்துவிடும். கண்டன்சர் கசிந்துவிட்டது என்று பலர் இதைத் தவறாக எண்ணுவார்கள். பொறுமையாகச் சுரண்டி எடுப்பதே மருந்து. ஸ்பீக்கர் ரிலேயின் முனைகள் கறுத்து, சத்தம் குறைவாக வைக்கும்போது மட்டும் ஒரு பக்கம் அணைந்து அணைந்து வரும். வால்யூம் கண்ட்ரோலின் கரகரப்பு, கார்பன் தடத்தில் படிந்த அழுக்கு. மில்கள் சூழ்ந்த ஊர்களில் பஞ்சுத் தூசியும் சேர்ந்துகொள்ளும். கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகிவிடும். பாட்டே இல்லாமல் ஸ்பீக்கரில் கடுகு பொரிகிற சத்தம் கேட்டால், வெள்ளிப் பூச்சுக் கால் கறுத்துப்போன 2எஸ்சி458 வகைச் சிறு டிரான்சிஸ்டர்களைச் சந்தேகிக்க வேண்டும். பெரிய டிரான்சிஸ்டர்கள் எரிந்திருந்தால் அதே எண் கிடைப்பது கடினம், கிடைத்தால் போலியாக இருக்க வாய்ப்பு அதிகம். எம்ஜே15003, எம்ஜே15004 போன்ற இன்றும் தயாராகும் ஜோடிகள் பல சர்க்யூட்டுகளுக்குப் பொருந்தும்.

டிரான்ஸ்பார்மர் எரிந்துபோனால் மற்ற ஊர்களில் பெட்டியைக் கைவிடுவார்கள். கொங்கு நாட்டில் கைவிட வேண்டியதில்லை, அதற்கு ஒரு வரலாற்றுக் காரணம் இருக்கிறது. 1932-ல் பைக்காரா நீர்மின் திட்டம் இயங்கத் தொடங்கி மின்சாரம் மலையிறங்கி வந்தபோது, மில்களும் கிணற்று மோட்டார்களும் இந்தப் பகுதியின் முகத்தையே மாற்றின. 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் பீளமேட்டில் இந்தியாவின் முதல் உள்நாட்டு மின்மோட்டாரை உருவாக்கினார்கள். (ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தரமுடியும் என்று 1941-ல் அறிவித்தவரும் அதே ஜி.டி. நாயுடுதான், வானொலி பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த காலம் அது.) அந்த மோட்டார் தொழிலோடு பரவிய கைவினைதான் காயில் கட்டுவது. சந்தை கூடும் சிற்றூரிலும் காயில் கட்டும் கடை உண்டு. எனாமல் ஒயரும் வார்னிஷும் ஸ்டாம்பிங் தகடும் அவர்கள் புழங்கும் பொருள்கள். ஆம்ப்ளிஃபயர் டிரான்ஸ்பார்மர் அவர்களுக்குப் புதிதல்ல: நடுக்கோரின் குறுக்களவு 12 சதுர சென்டிமீட்டர் என்றால் வோல்ட்டுக்கு மூன்று சுற்றுக்குச் சற்று மேல், 230 வோல்ட்டுக்கு ஏறத்தாழ 720 சுற்று. பழையதைப் பிரிக்கும்போது சுற்றுகளை எண்ணி, ஒயரின் கேஜை அளந்து குறித்துவைத்தால் அப்படியே திருப்பிக் கட்டிவிடலாம். கட்டச் சொல்லும்போது 220-க்குப் பதில் 240 வோல்ட்டுக்கு என்று சொல்லிவிடுங்கள்.

எதை மாற்றக்கூடாது என்பதிலும் எனக்கு உறுதியான கருத்து உண்டு. நன்றாக இருக்கும் பிலிம் கண்டன்சரையும் உழைத்துக்கொண்டிருக்கும் டிரான்சிஸ்டரையும் 'பழசு' என்ற ஒரே காரணத்துக்காகப் பிடுங்குவது மீட்பு அல்ல. ஒவ்வொரு தடவை ஈயம் உருக்கும்போதும் பழைய போர்டுக்கு ஒரு காயம். சாதாரணக் கண்டன்சரைவிடப் பத்து மடங்கு விலைக்கு 'ஆடியோ ஸ்பெஷல்' என்று விற்பதைப் போட்டால் குரலில் தேன் வழியும் என்கிறார்கள். கொள்ளளவும் உள்தடையும் மின்னழுத்தத் தாங்கலும் சரியாக இருக்கும் நல்ல நிறுவனத்தின் 105 டிகிரி கண்டன்சர், பவர் சப்ளையில் அதே வேலையைச் செய்யும் என்பதை அளந்தே பார்க்கலாம். அந்தப் பணத்தில் நல்ல மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கினால் வாழ்நாள் முழுக்க உதவும்.

எல்லாம் மாற்றிய பிறகு இரண்டு அளவுகள் எடுக்காமல் மூடியைப் பூட்டக்கூடாது. பாட்டில்லாத நிலையில் ஸ்பீக்கர் முனைகளில் நேர் மின்னழுத்தம் 50 மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். மீறினால் ஸ்பீக்கர் காயில் காரணமில்லாமல் சுடும். அடுத்தது பயாஸ். வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் இரண்டும் ஒன்று மேல்நோக்கியும் மற்றொன்று கீழ்நோக்கியும் அலையைத் தள்ளுகின்றன. ஒவ்வொன்றும் விழிக்க ஏறத்தாழ 0.6 வோல்ட் வேண்டும். அந்த இடைவெளியில் இரண்டுமே தூங்கினால், மெல்லிய வீணை நாதத்தில்கூட ஒரு சொரசொரப்பு ஏறும். எனவே இரண்டையும் அரைக்கண் திறந்த நிலையில் வைக்கச் சிறிது மின்சாரம் எப்போதும் ஓட விடுகிறார்கள். எமிட்டரில் இருக்கும் 0.47 ஓம் ரெசிஸ்டன்ஸின் குறுக்கே 10 மில்லிவோல்ட் காட்டினால் 21 மில்லிஆம்பியர் ஓடுகிறது என்று கணக்கு. எத்தனை வேண்டும் என்பது மாடலைப் பொறுத்தது. இதைத் திருத்தும் சிறிய திருகு நாற்பது வருடத்தில் துருவேறி, தொடர்பு அறுந்து, சில சர்க்யூட்டுகளில் பயாஸை உச்சத்துக்கு ஏற்றிப் பெரிய டிரான்சிஸ்டர்களை எரித்துவிடும். சில பத்து ரூபாய்ப் பொருள்தான் அது. கண்டன்சரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். அரை மணி நேரம் சூடேறிய பிறகு ஒரு தடவையும், ஒரு வாரம் ஓடிய பிறகு இன்னொரு தடவையும் அளந்து பாருங்கள்.

புதுக் கண்டன்சர்கள் எத்தனை நாள் வரும்? 105 டிகிரியில் 5,000 மணி நேரம் என்று குறித்த கண்டன்சரை 45 டிகிரியில் ஓட்டினால், பத்து டிகிரி விதிப்படி மூன்று லட்சத்து இருபதாயிரம் மணி நேரம் என்று வரும். அந்தக் கணக்கை அவ்வளவு தூரம் நீட்டக்கூடாது. ரப்பர் அடைப்புக்கும் ஆயுள் உண்டு. தயாரிப்பாளர்களே பொதுவாகப் பதினைந்து வருடத்துக்குமேல் உறுதி சொல்வதில்லை. இன்று மாற்றிய பெட்டியை 2040 வாக்கில் மறுபடி திறந்து பார்க்க வேண்டியிருக்கும். மாற்றிய தேதி, போட்ட மதிப்புகள், வைத்த பயாஸ் மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி, சூடு படாத பக்கமாக மூடியின் உட்புறம் ஒட்டி வையுங்கள். அப்போது திறப்பவர் யாராக இருந்தாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.